முப்பத்து மூன்று சென்டிமீட்டர்

இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளில் தெருவிலிருந்து ஒரு படி ஏறி உள்ளே போனோம். இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். வீடு அப்படியேதான் இருக்கிறது. தெருதான் வளர்ந்துவிட்டது.

ஐந்து வருடமாக, வருடம் தவறாமல் எங்கள் தெருவுக்குப் புதுத் தார் வந்தது. ஊரில் குண்டும் குழியுமாகக் கிடக்கிற தெருக்கள் எத்தனையோ உண்டு. ஆற்றுப் பாலத்துக்குப் போகிற சாலையில் லாரியே படுத்துக்கொள்ளும். அங்கே ஒரு கூடை ஜல்லி விழாது. எங்கள் தெரு வழவழவென்று இருக்கும்போதே மறுபடியும் தார் வண்டி வந்து நிற்கும். காரணம் ஊருக்கே தெரியும். சாலை வாரியத் தலைவர் தினமும் காரில் போகிற வழி இது. வேலையை எடுக்கிறவர் அவருடைய மருமகன்.

அந்த மருமகனுக்குப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்யும். ஆனால் வாசல் காவலாளி முதல் பெரிய பொறியாளர் வரை எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளைதான். மாப்பிள்ளை அலுவலகத்துக்குள் நுழைந்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். ஒருவர் நாற்காலி இழுப்பார், ஒருவர் மின்விசிறியை அவர் பக்கம் திருப்புவார். பெண் கொடுத்தது ஒருவர், உபசாரம் பண்ணியது மொத்த வாரியமும்.

"பொண்ணு குடுக்கறப்பவே ரோட்டையும் பாயாட்டம் சுருட்டிக் கையில குடுத்துட்டாரு தலைவர்" என்பார் தண்ணி அண்ணன்.

தண்ணி அண்ணன் என் கூட வேலை செய்கிறவர். நான் வாரியத்தில் கூலி. பதினாறு வருடம் ஜல்லி சுமந்தேன், இடுப்பு விட்டுப்போனதும் சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு துளை மிஷின் உண்டு. போட்ட தாரில் அதை நிறுத்தி அழுத்தினால், பல் வைத்த இரும்புக் குழல் சுற்றிக்கொண்டே இறங்கும். குழலை வெளியே எடுத்துத் தட்டினால் தார் ஒரு உருளையாக விழும். அதை அளந்து பார்த்து, சொன்ன கனத்துக்குப் போட்டிருக்கிறார்களா என்று எழுதுவார்கள். கைப்பிடியை நான் பிடிப்பேன். பல் சூடேறிக் கருகாமல் அண்ணன் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார். சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தண்ணீர்ச் செம்பைத் தூக்கினால் கை தானாக ஆடும். ஆறு வருடமாக ஆடிக்கொண்டிருக்கிறது.

என் வீட்டுக்காரர் தையல்காரர். சின்ன வயதிலேயே ஒரு கால் சூம்பிப்போனது. தெருவைப் பார்த்த முன்னறையில் மிஷினைப் போட்டு உட்கார்ந்தால் வாடிக்கைக்காரர்கள் தேடிவந்து துணி கொடுப்பார்கள். தெரு வளர வளர, மழை பெய்தால் தண்ணீர் நேராக அந்த அறைக்குள் வந்தது. ஒருமுறை தையல் மிஷினின் மோட்டார் போனது. இன்னொரு முறை யாருடைய கோட்டோ மிதந்தது. வாசலில் செங்கல் வைத்து ஒரு தடுப்பு கட்டினோம். அது கதவை இடித்தது. தச்சர் வந்து கதவின் அடியை அறுத்தார். அடுத்த வருடம் தெரு இன்னும் உயர்ந்தது, தடுப்பும் உயர்ந்தது, தச்சர் மறுபடி வந்தார்.

"பாதிக் கதவு போயாச்சு. இன்னும் ரெண்டு ரோடு போட்டா உங்களுக்கு ஜன்னல்தான் மிச்சம்" என்றார் தச்சர்.

"பரவாயில்ல, அதுக்கும் நீங்கதான் வரணும்" என்றார் வீட்டுக்காரர்.

அவர் அப்படிச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற ஆள்தான். ஆனால் சூம்பின காலோடு தினமும் அந்தத் தடுப்பைத் தாண்டுவது சிரிப்பு இல்லை. இரண்டு தடவை விழுந்தார். இரண்டாவது தடவை விழுந்ததை எனக்குச் சொல்லவே இல்லை, பக்கத்து வீட்டில் சொல்லித்தான் தெரிந்தது.

இந்த வருடமும் தெருமுனையில் வெள்ளைப் பலகை வந்து நின்றது. ஆறாவது தடவை. அன்று வேலை முடிந்து வந்தபோது அவர் பீரோவுக்கு மேலிருந்த பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல, தூசி. நேத்து அளவு டேப்பை வெச்சுப் பார்த்தேன். இன்னொரு தார் வந்தா தடுப்பு என் முட்டிக்கு மேல போயிடும்மா. என்னால தாண்ட முடியாது. உன் தங்கச்சி ஊர்ப் பக்கம் போயிடலாம்."

"அங்க உங்களுக்கு யாரு துணி குடுப்பா?"

"குடுக்க மாட்டாங்க" என்றார். பெட்டியின் மூலையைத் துடைத்தார்.

இருபது வருடம் அந்த அறையில் உட்கார்ந்து சேர்த்த வாடிக்கை. அதை விட்டுவிட்டு இந்த வயதில் இன்னொரு ஊரில், கால் சூம்பின தையல்காரர் என்று புதிதாக ஆரம்பிக்க வேண்டும். அவருக்கு அது முடியாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் அந்தப் பலகை முன்னால் நின்றேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளுக்கு அவசரம் கிடையாது. மற்றவர்கள் தாண்டிப் போகிற சொல்லிலும் நான் நின்றுதான் போக வேண்டும். 'பழைய தார்ப் பரப்பை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி அகற்றி, புதிதாக ஐந்து சென்டிமீட்டர் இடுதல்' என்று போட்டிருந்தது. 'சுரண்டி அகற்றி' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். இந்தத் தெருவில் சுரண்டுகிற மிஷினை நான் பார்த்ததே இல்லை.

சின்ன இஞ்சினியர் அலுவலகத்தில் தனியாக இருந்தார். நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம்.

"சார், எங்க தெருவுல எப்ப சார் சுரண்டினாங்க?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உனக்கு யாரும்மா படிக்கச் சொல்லிக் குடுத்தது?"

"யூனியன் ஆபீஸ்ல. சாயங்கால வகுப்பு."

"அவங்களைத்தான் முதல்ல உதைக்கணும்." எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இங்க பாரும்மா. கோப்புல உங்க தெருத் தாரோட கனம் எட்டு சென்டிமீட்டர். எத்தனை தடவை போட்டாலும் எட்டுதான். ஏன்னா ஒவ்வொரு தடவையும் அஞ்சை எடுத்துட்டு அஞ்சைப் போடறாங்க. காகிதத்துல. சுரண்டறதுக்குத் தனியா காசு, சுரண்டினதை அள்ளிட்டுப் போறதுக்குத் தனியா காசு. நான் கேட்டிருக்கேன். கேட்டதுக்கு ரெண்டு தடவை மாத்தல் வாங்கியிருக்கேன். என் பிள்ளைங்க மூணு பள்ளிக்கூடம் மாறிட்டாங்க."

"பரிசோதனை பண்றவங்களுக்குத் தெரியாதா சார்?"

"வியாழக்கிழமை மேலிடத்து அம்மா வர்றாங்க. போன வருஷம் போட்ட மேல் தார் அஞ்சு இருக்கான்னு பார்ப்பாங்க. அஞ்சு இருந்தா புது வேலைக்குக் கையெழுத்து. அவ்வளவுதான். நீ பேசாம மிஷினைப் பிடி."

நான் பேசாமல் வெளியே வந்தேன். ஆனால் மனசு பேசிக்கொண்டே இருந்தது. இத்தனை வருடம் துளை போட்டிருக்கிறேன். ஒப்பந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே பயம், கனம் குறைந்துவிடக் கூடாது என்பதுதான். நாலரை வந்தால் கையைப் பிசைவார்கள், நாலு வந்தால் ஓரமாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள். கூடுதலாக இருந்தால் என்ன ஆகும் என்று ஒருத்தரும் கவலைப்பட்டது கிடையாது. எங்கள் குழலின் நீளமே பத்து சென்டிமீட்டர்தான். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று எந்தத் தெருவிலும் யாரும் பார்த்ததில்லை.

பாலத்துத் தளத்தைச் சோதிக்கிற நீளக் குழல் ஒன்று கிடங்கில் இருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

"இது எதுக்கு தங்கச்சி? பாலம் எதையும் பார்க்கப் போறோமா?" என்றார் தண்ணி அண்ணன்.

"இல்லண்ணா. எங்க தெருவைத்தான்."

அவர் குழலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் சொன்னார், "அப்ப ரெண்டு குடம் தண்ணி கூடுதலா எடுத்துக்கறேன்."

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கே வெயில் சுட்டது. மேலிடத்து அம்மா ஜீப்பிலிருந்து மெதுவாக இறங்கினார். முட்டிவலி போல. யாரோ முக்காலி கொண்டுவந்து போட, மரநிழலில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். சின்ன இஞ்சினியர் பதிவேட்டோடு பக்கத்தில் நின்றார். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில், கையில் சாக்கட்டியோடு இருந்தார்.

எங்கே துளை போடுவது என்பதை ஒப்பந்தக்காரர்தான் காட்டுவார். அப்படித்தான் வழக்கம். மாப்பிள்ளை யோசிக்கவே இல்லை. நேராக என் வீட்டுக்கு எதிரே, ஜனங்கள் தெருவைக் கடக்கிற வெள்ளைப் பட்டைகளுக்குப் போனார். ஒரு பட்டையின் நடுவில் வட்டம் போட்டார்.

அவர் ஏன் அங்கே போனார் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் வேலை முடிந்ததும் தலைவர் வந்து நின்று நாடா வெட்டுவதும் படம் எடுப்பதும் அந்த இடத்தில்தான். தெருவின் மற்ற பக்கமெல்லாம் மூணு, மூணரைக்குத் தேய்த்துவிட்டுப் போனாலும், மாமனார் கால் வைக்கிற அந்தப் பத்தடியில் மட்டும் ஐந்து சென்டிமீட்டர் குறையாமல் போடுவார்கள். படத்தில் பளிச்சென்று தெரிவதற்காகப் பட்டைகளும் ஒவ்வொரு தடவையும் புதிதாக அடிப்பார்கள்.

"இங்க போடு. இங்கதான் கெட்டியா இருக்கும்" என்றார். அப்புறம் குழலைப் பார்த்தார். "என்ன, பெருசா இருக்கு?"

"ஆமா மாப்பிள்ளை சார். இருக்கற கனம் முழுசும் இதுல தெரியும்."

"நல்லதுதான். முழுசா எடு. நாளைக்கு யாரும் குறைச்சுப் போட்டேன்னு பேசக் கூடாது."

மிஷினை வட்டத்தின் மேல் நிறுத்தி ஏறி நின்றேன். அண்ணன் தண்ணீரைச் சாய்த்தார். பல் வெள்ளைப் பட்டையைக் கடித்து இறங்கியது. முதலில் பால் போல வெள்ளைத் தண்ணீர் வந்தது, பிறகு கறுப்பு. ஐந்து சென்டிமீட்டர் இறங்கியிருக்கும், கறுத்த தண்ணீர் மறுபடியும் வெளுத்தது.

அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். போன வருடத்துத் தாருக்கு அடியில், அதற்கு முந்தின வருடத்து வெள்ளைப் பட்டை அப்படியே இருக்கிறது. சுரண்டியிருந்தால் அது எப்படி இருக்கும்? நான் அழுத்தினேன். கறுப்பு. மறுபடி வெள்ளை. தோளிலிருந்து விரல் நுனி வரை மிஷின் உலுக்கியது. இடுப்பு கெஞ்சியது. மூன்றாவது வெள்ளை, நான்காவது வெள்ளை.

"இன்னும் என்னம்மா பண்றே, பூமியோட மறுபக்கம் போகப் போறியா?" என்று மாப்பிள்ளை சிரித்தார். கூட நின்ற அவருடைய ஆட்களும் சிரித்தார்கள்.

ஐந்தாவது வெள்ளைக்கு அப்புறம் கறுப்பு நீண்ட நேரம் வந்தது. பிறகு தண்ணீர் மண் நிறமாக மாறியது. நிறுத்தினேன்.

குழலைச் சாய்த்துத் தட்டினோம். கைக்குழந்தை கனத்துக்கு ஒரு கறுப்பு உருளை சாக்கின் மேல் உருண்டு விழுந்தது. அண்ணன் மிச்சத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். நெடுக வெள்ளை வெள்ளையாகக் கோடுகள்.

மேலிடத்து அம்மா எழுந்து வந்து குனிந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு, மேல்தட்டில் மட்டும் அளவுகோலை வைத்தார். "அஞ்சு. சரியா இருக்கு. எழுதிக்கங்க." நிமிர்ந்து ஜீப் பக்கம் திரும்பினார்.

இவ்வளவுதானா? என் வீட்டு வாசலில் வீட்டுக்காரர் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் நாளைக்கு எனக்கு மிஷின் இருக்காது. திறக்காவிட்டால் திங்கட்கிழமை தார் வரும்.

"அம்மா" என்றேன். "மீதியையும் அளந்துடுங்கம்மா."

"மீதி எதுக்கு? மேல் தார்தான் கணக்கு."

"எடுத்த துண்டை முழுசா அளந்து எழுதணும்னு எங்க மிஷின்ல தொங்கற விதி அட்டையில போட்டிருக்கும்மா. நாலாவது வரி."

சின்ன இஞ்சினியர் என்னை முறைத்தார். அம்மா திரும்பி வந்தார். பிறகு அளவுகோலை இஞ்சினியர் கையில் கொடுத்து, "அளங்க" என்றார்.

அவர் மண்டியிட்டு அளந்தார். எழுந்திருக்கவில்லை. குனிந்தபடியே சொன்னார்: "முப்பத்து மூணு."

"முப்பத்து மூணா?" என்று மாப்பிள்ளை முன்னால் வந்தார். முகத்தில் அவ்வளவு பெருமை. "பார்த்துக்கங்கம்மா! அஞ்சுதான் கேட்டீங்க, நான் முப்பத்து மூணு குடுத்திருக்கேன். எந்த ஒப்பந்தக்காரன் குடுப்பான்? பீரங்கி வண்டி போனாலும் அசையாது!"

தெருக்கோடியில் ஒரு சைக்கிள் மணி கேட்டது.

"ரொம்ப சந்தோஷம்" என்றார் மேலிடத்து அம்மா. "கோப்புல எட்டுன்னு இருக்கே மாப்பிள்ளை. அஞ்சு வருஷம் சுரண்டினதா காசு வாங்கியிருக்கீங்க. சுரண்டினது எங்க?"

மாப்பிள்ளை கையிலிருந்த சாக்கட்டியைச் சட்டைப் பையில் போட்டார்.

அம்மா முட்டிவலியை மறந்து சாக்கின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். உருளையை மடியில் வைக்காத குறைதான். ஒவ்வொரு வெள்ளைக் கோட்டையும் விரலால் தொட்டு உரக்க எண்ணினார். "ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. மேல இருக்கறது ஆறு. ஒவ்வொரு வருஷமும் கோடு அடிச்சு, அதும்மேலயே தாரை ஊத்தி, மறுபடி கோடு அடிச்சு... நீங்களே சாட்சிக் கையெழுத்துப் போட்டு உள்ள வெச்சிருக்கீங்களே தம்பி!"

"அது... இந்த ஒரு இடத்துல மட்டும் தவறிப்போயிருக்கும்."

"இடத்தைக் காட்டினது யாரு?"

"நீங்கதான் மாப்பிள்ளை சார் வட்டம் போட்டீங்க" என்றார் தண்ணி அண்ணன், ரொம்பப் பணிவாக.

யாரோ முதலில் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து என்று நினைக்கிறேன். பிறகு தெருவே சிரித்தது. மாப்பிள்ளை கைபேசியை எடுத்து, ஒதுங்கிப்போய்ப் பேசி, திரும்ப வந்து அம்மாவிடம் நீட்டினார். "தலைவர் பேசணுமாம்."

அம்மா வாங்கி, பொறுமையாகக் கேட்டார். "சரிங்க. ஆமாங்க. மாத்தலா? தாராளமா போடுங்க. வர்ற முப்பதாம் தேதி எனக்கு ஓய்வு. எங்க மாத்தினாலும் இருபது நாளைக்கு மூட்டை கட்டணுமான்னுதான் யோசிக்கிறேன்." கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இஞ்சினியரைப் பார்த்தார். "எழுதுங்க தம்பி."

சின்ன இஞ்சினியரின் பேனா பதிவேட்டின் மேல் நின்றது. மூன்று பள்ளிக்கூடம் மாறிய பிள்ளைகள் அந்தப் பேனா முனையில் நின்றிருப்பார்கள். அவர் என்னைப் பார்த்தார், உருளையைப் பார்த்தார். பிறகு முப்பத்து மூன்று என்று எண்ணால் எழுதி, பக்கத்திலேயே எழுத்தாலும் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி, நேரம் எல்லாம் போட்டார். பேனா மூடியைத் திருகி மூடினார். முகம் பத்து வயது குறைந்திருந்தது.

"இங்க நானும் கையெழுத்துப் போடணும் சார். மிஷின் பிடிச்சவங்களும் போடணும்" என்றேன். அதுவும் அட்டையில் இருக்கிறது. அதுவரை எல்லாரும் ஒரு கோட்டைக் கிழித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் என் பெயரை முழுசாக எழுதினேன். அவசரப்படவில்லை. மேலிடத்து அம்மா அதுவரை காத்திருந்தார்.

திங்கட்கிழமை தார் வரவில்லை. இரண்டு வாரம் மீசையில் மண் ஒட்டாதது போல இருந்துவிட்டு, வாரியம் உத்தரவு போட்டது. காசு வாங்கிய ஐந்து சுரண்டலையும் மாப்பிள்ளை தன் செலவிலேயே சுரண்ட வேண்டும். புதிய வேலை எதுவும் அவருக்குக் கிடையாது. இந்த வருடத் தாருக்கு ஒதுக்கிய பணம் ஆற்றுப் பாலத்துச் சாலைக்குப் போகும். தலைவர் பத்திரிகைக்கு அறிக்கை விட்டார், அந்த ஒப்பந்தக்காரருக்கும் தனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று.

"அப்ப அந்தப் பொண்ணு யாரோடதாம்?" என்றார் தண்ணி அண்ணன். அலுவலகமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. மின்விசிறி அன்று யார் பக்கமும் திரும்பாமல் எல்லாருக்கும் சுற்றியது.

சுரண்டுகிற மிஷின் எங்கள் தெருவுக்கு முதல்முறையாக வந்தது. வீடு உயரத்துக்கு இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கு போகும்போதும் அதற்கடியில் பழைய பட்டை மங்கலாகத் தெரியும், பிள்ளைகள் ஓடிவந்து அதன்மேல் நின்று குதிப்பார்கள். மூணாம் நாள் எங்கள் வீட்டுத் தரையும் தெருவும் கிட்டத்தட்டச் சமமாயின. ஐந்தாம் நாள் சாயங்காலம், சுவரோரத்துத் தாரைக் கடப்பாரையால் பெயர்த்தபோது எங்கள் பழைய படிக்கல் வெளியே வந்தது. வீட்டுக்காரர் சுத்தியலை எடுத்துத் தடுப்பை அவரே உடைத்தார். நான் கூட மாட உதவப் போனேன், விடவில்லை. கடைசிச் செங்கல் போனதும், படியில் காலை வைத்து, எதையும் பிடிக்காமல் தெருவில் இறங்கி நின்றார்.

"ஏம்மா, இவ்வளவு உயரத்துலயா நாம குடியிருந்தோம்?" என்றார்.

அவர் பின்னாலேயே நாலைந்து பேர் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். அடுத்த தெருக்காரர்கள். முன்னால் நின்ற பெரியவருக்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

"நீங்கதானே அந்த மிஷின் அக்கா? எங்க தெருவும் வருஷா வருஷம் உசந்துக்கிட்டே போகுது. எங்க வீட்டுல தலையைக் குனிஞ்சுதான் நுழையறோம். எங்களுக்கும் ஒரு ஓட்டை போட்டுக் குடுப்பீங்களா?"

"எழுதிக் குடுங்க. சின்ன இஞ்சினியர் கையெழுத்துப் போடுவாரு, நாளைக்கே வர்றோம்."

"போடுவாரா?"

"இப்ப போடுவாரு."

மறுநாள் போனோம். அங்கே முப்பத்தாறு வந்தது. அதற்கடுத்த தெருவில் இருபத்தெட்டு. மூன்றாவது தெருவுக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஜனங்கள் குடங்களில் தண்ணீரோடு வரிசையாக நின்றார்கள். இனி தூக்க வேண்டியதில்லை என்று அண்ணன் தன் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். நான் மிஷின்மேல் ஏறி நின்று, எங்கே போடட்டும் என்று கேட்டேன். நாற்பது பேரும் நாற்பது இடத்தைக் காட்டினார்கள்.